நாற்பதடி ரோடு வளைகிற இடம்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு மர பெஞ்சில் கிடைத்தது.

என் பக்கத்து வீட்டுக்காரர் என் மாடிப்படியைப் பார்த்தபடி ஒரு ஜன்னல் திறந்துவிட்டார். அதை அடைக்கச் சொல்லி நான் போட்ட மனு, நகர அமைப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் பதினோரு வாய்தா பார்த்தது. சுவர், வாசல், மாடி, சாக்கடை என்று சண்டை போடுகிறவர்கள் கடைசியாக வந்து சேருகிற இடம் அது. வராந்தாவில் ஒரே ஒரு மின்விசிறி. அது சுற்றுகிறதா, சுற்றுவதாக நமக்குத் தோன்றுகிறதா என்று சொல்ல முடியாது. அதன் கீழே உட்கார்ந்தால் அரைத் தூக்கம் வந்துவிடும். இந்தக் கதையில் பாதி அந்த அரைத் தூக்கத்தில் எழுதியது.

ஒன்பதாவது வாய்தாவன்று விசாரணை அறையிலிருந்து இரண்டு பெண்கள் அடுத்தடுத்து வெளியே வந்தார்கள். முன்னால் வந்தவர் தீர்ப்பாயத்தின் உறுப்பினர். மேடையில் உட்கார்ந்திருக்க வேண்டியவர், சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றார். பின்னால் வந்தவர் வழக்குக்காரர். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது.

"உங்க மனசு லேசாயிடுச்சு மேடம். என் பொண்ணு எங்க படுப்பா?"

நான் பார்த்தது அவ்வளவுதான். பெஞ்ச் கிளார்க்கிடம் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம். நானே கட்டிக்கொண்டது நிறைய. எல்லாம் அனுமதி வாங்காத கட்டுமானம். (எழுதுகிறவர்களை இடிக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்ப இன்னும் யாரும் தீர்ப்பாயம் வைக்கவில்லை. எங்கள் அதிர்ஷ்டம்.)

2

ஆரம்பங்கள்:

"நேராகப் போய்க்கொண்டிருந்த கோட்டுக்குத் திடீரென்று ஒரு—"

[கோட்டுக்கு மனசு வைக்கப் பார்த்தேன். வேண்டாம்.]

"அன்று மழை வருகிற மாதிரி இருந்தது. ஃபைலைத் திறந்த அவள்—"

[வராத மழையை வைத்து எத்தனை கதையைத்தான் தொடங்குவது?]

மூன்றாவது ஆரம்பம் நிலைத்துவிட்டது. இனி உறுப்பினரை அவள் என்றே சொல்கிறேன். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை, கொஞ்சம் கிட்டே போக வேண்டியிருக்கிறது.

தீர்ப்பாயத்தில் மூன்று பேர் உட்காருவார்கள். நடுவில் தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி. கன்னத்தில் எப்போதும் ஒரு பெப்பர்மிண்ட். இடப்பக்கம் ஓர் இன்ஜினியர். எந்த வழக்கானாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "தண்ணி எங்க போகும்?" வலப்பக்கம் அவள். வயது ஐம்பத்தெட்டு. நகர அமைப்பு அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்து துணை இயக்குநராக ஓய்வு பெற்றவள். மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் விசாரணை நடக்காது.

அன்று வந்த வழக்குக்காரர் பல்செட் செய்கிறவர். டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து வீட்டிலேயே பற்கள் செய்து கொடுப்பவர். தெருவுக்கு அவர் பல்செட் அக்கா. மகள், கணவனை விட்டுவிட்டு இரண்டு பிள்ளைகளோடு வரப்போகிறாள். மாடியில் ஓர் அறை கட்ட அனுமதி கேட்டிருந்தார். மாநகராட்சி முடியாது என்றுவிட்டது. காரணம், முப்பத்தோரு வருஷத்துக்கு முன் போட்ட மாஸ்டர் பிளானில் அந்த வீட்டின் மேல் நாற்பதடி அகல ரோடு ஒன்று போகிறது. தரையில் ஒரு ஜல்லிக்கல்கூட விழுந்ததில்லை. ஆனால் தாளில் இருக்கிறது. தாளில் இருக்கிறவரை அதன் மேல் யாரும் ஒரு செங்கல் வைக்கக் கூடாது.

"நூல் பிடிச்ச மாதிரி நேரா வர்ற ரோடு, என் வீட்டுக்கிட்ட மட்டும் ஏங்க வளையணும்?" என்றார் பல்செட் அக்கா. வக்கீல் வைக்காமல் தானே பேசினார்.

மாநகராட்சி வக்கீல் எழுந்தார். "அம்மாவோட பக்கத்து மனையில ஒரு கிணறு இருக்குங்க. அதைக் காப்பாத்தத்தான் வளைச்சிருக்காங்க. மேப்லயே வட்டம் போட்டிருக்கு."

"கிணறா? நாப்பத்தாறு வருஷமா அந்தத் தெருவுலதான் இருக்கேன். நான் எந்தக் கிணத்தையும் பாத்ததில்ல."

"அப்ப தண்ணி எங்க போச்சு?" என்றார் இன்ஜினியர்.

வரைபடம் மேடைக்கு வந்தது. அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள். நேராக வந்த ரோடு ஓரிடத்தில் இடுப்பை ஒடித்து, ஒரு வீட்டைச் சுற்றிக்கொண்டு, அடுத்த வீட்டின் மேல் ஏறிப் போனது. வளைவின் உட்புறம் சின்னதாக ஒரு வட்டம். பக்கத்தில் 'கிணறு 7' என்று எழுதியிருந்தது. அந்த ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு.

ஏழு என்ற எண்ணை அப்படி எழுதுகிறவள் அந்த அலுவலகத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

3

கோடு ஏன் வளைந்தது?

முதலில் இப்படி எழுதியிருந்தேன். அவளுக்கு இருபத்தேழு வயது. பன்னிரண்டு மேஜைகள் போட்ட பெரிய அறை. அடுத்த மேஜையிலிருந்த இளைஞன், பின்னால் அவள் கணவன் ஆகப்போகிறவன், எதற்கோ சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவள் கை நழுவி—

எனக்கே பிடித்திருந்தது. மறுநாள் அவளுடைய நாத்தனாரை எழுத உட்கார்ந்தேன். கணவன் இறந்த பிறகு அவளும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். நாத்தனார் கணக்கு டீச்சராக இருந்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். எழுதத் தொடங்கிய முதல் வரியிலேயே என்னைப் பார்த்துக் கேட்டாள்: "எங்க அண்ணன் ஆபீஸ்ல சிரிச்சாரா? வீட்டுலயே சிரிச்சதில்லையே."

சரி, தும்மல் என்று வைத்துக்கொள்வோம்.

அவளுக்கு ஜலதோஷம். ட்ரேசிங் ஷீட்டில் மூன்று நாள் குனிந்து மை பேனாவால் ரோடு போட்டுக்கொண்டிருந்தவள், ஒரு பிற்பகலில் தும்மினாள். பேனா ஒரு கட்டைவிரல் நகம் அளவுக்கு விலகியது. தாளில் ஒரு நகம், தரையில் ஒரு வீட்டின் அகலம். பிளேடால் சுரண்டினால் ஷீட் கிழியும். மறுபடி வரைந்தால் மூன்று நாள். அவள் வளைவுப் பலகையை எடுத்து, நழுவிய கோட்டையே அழகான வளைவாக ஆக்கிவிட்டாள். தலைமை வரைவாளர் வந்து தோளுக்கு மேல் நின்று பார்த்தார்.

"இங்க ஏம்மா வளையுது?"

"அங்க ஒரு கிணறு இருக்கு சார்."

"அப்ப கிணத்தப் போடு."

போட்டாள்.

தும்மல் என்று எழுதியதும்தான் அவள் எனக்கு முழுசாகத் தெரிந்தாள். சிரிப்பால் வளைந்திருந்தால் அது ஒரு ஞாபகமாக இருந்திருக்கும். தும்மலால் வளைந்ததை அவள் ஒரே வாரத்தில் மறந்துவிட்டாள்.

4

தலைவர் இடத்தை நேரில் பார்க்கலாம் என்றார்.

[இந்தப் பகுதியை நான் ஆறு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் வெயில் கொஞ்சம் மங்கிக்கொண்டே போனது. இது எந்த நேரத்து வெயில் என்று எனக்கே இப்போது தெரியவில்லை.]

சர்வேயர் முன்னதாகவே வந்து சுண்ணாம்புப் பொடியால் ரோட்டின் இரண்டு ஓரங்களையும் போட்டு வைத்திருந்தார். வரைபடத்தில் பாதியும் பூமியில் பாதியுமாக வாழ்கிற மனிதர். காம்பவுண்டுச் சுவர் குறுக்கே வந்தால் சுவரின் மேலும் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தது அவருடைய வெள்ளைக் கோடு. மூவரும் அதன் நடுவே நடந்தார்கள். ஒரு சமையலறைக்குள் நுழைந்து அடுப்புக்கும் அலமாரிக்கும் இடையே ரோடு போனது. அங்கிருந்த பெண் அடுப்பை அணைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கினாள், லாரிக்கு வழி விடுகிற மாதிரி. பிறகு ஒரு படுக்கையறை. கட்டிலின் கால்மாட்டில் சுண்ணாம்பு. அதற்கப்புறம் துணி காயும் ஒரு முற்றம். ஈரத் துண்டுகளை விலக்கிக்கொண்டு நீதிபதி நடந்தார். முப்பத்தோரு வருஷமாக ஒரு சைக்கிள்கூடப் போகாத ரோடு. ஆனாலும் அதைக் கடக்க வேண்டி வந்தபோது அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடந்தாள்.

பல்செட் அக்காவின் வேலை அறையில் ரோடு முழு அகலத்துக்கும் நிறைந்திருந்தது. தட்டுத் தட்டாகப் பற்கள். இளஞ்சிவப்பு மெழுகு ஈறுகளில் பதித்தவை, மாவு அச்சில் கடித்தபடி இருப்பவை. யார் யாருடைய வாயோ. நூறு பேர் மௌனமாக உட்கார்ந்து கேட்பது போல இருந்தது.

"பொண்ணு போன வாரமே வந்துட்டா" என்றார் பல்செட் அக்கா. "இங்கதான் மூணு பேரும் படுக்குறாங்க. சின்னது பல்லப் பாத்துப் பயப்படுது. துணி போட்டு மூடி வைக்கிறேன்."

அடுத்த வீட்டில் தபால்காரர் காத்திருந்தார். ஓய்வு பெற்றவர், எழுபத்து நாலு வயது. கோடு நேராக இருந்திருந்தால் அவருடைய வீடுதான் ரோட்டில் போயிருக்கும். சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, பின்கட்டுக்கு அவர்களை அழைத்துப் போனார். அங்கே சிமெண்டுத் தரை. இரண்டு தொட்டிச் செடிகள்.

"இங்கதாங்க கிணறு. நான் காலேஜ் போற வயசுல மூடிட்டாங்க. பக்கத்து வீட்டம்மா அப்ப பொறக்கவேயில்ல, அவங்களுக்கு எப்படித் தெரியும்? வட்டக் கிணறு. இந்தப் பக்கம் ஒரு செங்கல் பேந்திருக்கும். எங்கம்மா அதுல காலை ஊனித்தான் இறைப்பாங்க. கப்பி கிறீச்சுனு கத்தும். அந்தச் சத்தத்துலதான் எங்களுக்கு விடியும்."

"தண்ணி எப்படி?" என்றார் இன்ஜினியர்.

"லேசா இரும்பு வாசனை அடிக்கும். ஆனா குளிச்சா உடம்பெல்லாம் பூ மாதிரி இருக்கும்."

அவள் அந்தச் சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தும்மிய பிற்பகலில் தன் பேனா போட்ட வட்டம். அதில் இந்த மனிதர் தண்ணீர் ஊற்றி, கப்பி மாட்டி, ஓரமாகத் தன் அம்மாவையும் நிறுத்தி வைத்திருக்கிறார். வீட்டைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாரா? முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஒரு நிமிஷம் அவளுக்கே கப்பிச் சத்தம் கேட்டது.

* இந்த இடத்தில் என் பொறாமையைச் சொல்லிவிட வேண்டும். நானும் இல்லாததை எழுதித்தான் பிழைக்கிறேன். என் கிணறு எதிலும் இதுவரை ஒருத்தரும் குளித்ததில்லை.

5

நாத்தனாரைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. அவளிடம் மட்டும்தான் உறுப்பினர் உண்மையைச் சொல்வாள்.

காலை எட்டு மணி. இருவரும் ஒரு செய்தித்தாளைப் பாதிப் பாதியாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் வாயைத் திறந்தா கேஸ்லேர்ந்து விலகணும்" என்றாள் அவள். "என் இடத்துக்கு வேற ஆளப் போட ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு பல்லுங்களோட படுக்கணும். பேசாம இருந்தா, கிணறு இருந்ததுக்கு ஆதாரம் இல்லன்னு நானே எழுதி, அடுத்த மாசமே அனுமதி குடுத்துடலாம். நியாயமும் அதுதானே?"

நாத்தனார் தாளை மடித்தாள். "விடை சரி அண்ணி."

"அப்புறம் என்ன?"

"வழிமுறை எழுதலேன்னா நான் மார்க் போட்டதில்ல."

"இது பரீட்சையில்லம்மா."

"இல்லதான். பரீட்சைன்னா பக்கத்துல இருக்கறவனுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க கிணறு இல்லேன்னு எழுதுனா அந்தத் தபால்காரர் பொய்யர்னு ஆகும். இந்த வயசுல. நீங்க மேடையில உக்காந்துட்டு, பொய்யை அவர் தலையில கட்டிட்டு எந்திரிச்சு வருவீங்க. வந்து இங்க எப்படிச் சாப்பிடுவீங்க?"

அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் ஒரு கணம் நின்று—

[நின்றாள் என்று எழுதினால் நீங்கள் அவள் முகத்தைக் கேட்பீர்கள். அவள் நிற்காமல் போய்விட்டாள்.]

6

தபால்காரர் சாட்சிக் கூண்டில் ஏறினார். கிளார்க் உறுதிமொழி அட்டையை நீட்டினார். அவர் கண்ணாடியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தபோது மேடையின் வலப்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஐயா, கொஞ்சம் இருங்க. உறுதிமொழி எடுக்க வேண்டாம்."

தலைவர் திரும்பினார். பெப்பர்மிண்ட் கன்னத்திலேயே நின்றுவிட்டது.

"அந்தக் கிணத்த வரைஞ்சது நான்" என்றாள் அவள். "முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி. பேனா நழுவுச்சு. மறுபடி வரையச் சோம்பல்பட்டு, கிணறு இருக்குன்னு பொய் சொன்னேன். கோடு வளைஞ்சதுக்கு வேற காரணம் எதுவும் இல்ல. எழுத்துலயும் தர்றேன்."

நிறைய நாள் ஒத்திகை பார்த்ததாக நான் எழுதவில்லை. ஆனால் சொல்லி முடித்தபோது அவளுக்கு, படி இறங்கும்போது கடைசிப் படி என்று நினைத்த இடத்தில் இன்னொரு படி இருந்தது போல இருந்தது. மனசு ஒரு கணம் காற்றில் தொங்கியது.

தலைவர் மிக மெதுவாகப் பேசினார். அவள் விலகுவதாகப் பதிவு செய்தார். புதிய உறுப்பினர் வரும்வரை வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்றார். கூண்டிலிருந்த தபால்காரர் யாரையும் பார்க்காமல் இறங்கினார். கண்ணாடி அப்போதுதான் கையில் அகப்பட்டிருந்தது.

வராந்தாவில் பல்செட் அக்கா சொன்னதை முதலிலேயே எழுதிவிட்டேன். அவள் ஏன் பதில் சொல்லவில்லை என்பதற்கு மூன்று பத்தி எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். பதில் இல்லை, அதனால்தான் சொல்லவில்லை.

7

இங்கே நிறுத்தினால் கதை அவளை ரொம்ப நல்லவளாக விட்டுவிடும். அதனால் வேறு முடிவுகளைப் போட்டுப் பார்த்தேன்.

(அ) கோடு நேராக்கப்படுகிறது. தபால்காரரின் வீடு இடிபடுகிறது. [அவளைத் தண்டிக்க அவரை இடிப்பதா? என் கை வரவில்லை.]

(ஆ) ஒரு நாள் காலை அந்த ரோடு தானாகவே வந்து நிற்கிறது. கருப்பாக, ஈரமாக, நடுவில் வெள்ளைக் கோடுகளோடு. சமையலறைகளைத் தாண்டி முதல் பஸ் வருகிறது. கண்டக்டர் பல்செட் அக்காவைப் பார்த்து— [வராந்தா மின்விசிறியின் வேலை.]

(இ) நடந்தது. கிளார்க் சொன்னார்.

புதிய உறுப்பினர் வரப் பதினான்கு மாதம் ஆயிற்று. இதற்கிடையில் அவளுடைய எழுத்து வாக்குமூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்தில் பழைய ஃபைல்களைத் தேடினார்கள். வளைவுக்குக் காரணம் தேடப் போனவர்களுக்கு ரோட்டுக்கே காரணம் கிடைக்கவில்லை. ஒரு பஸ் டிப்போவுக்காகத் திட்டமிட்ட ரோடாம். டிப்போவை அப்போதே வேறு பக்கம் கட்டிவிட்டார்கள். ரோட்டை மட்டும் அழிக்க மறந்துவிட்டார்கள். முழுக் கோட்டையும் ரத்து செய்தார்கள். பல்செட் அக்கா மாடி கட்டிக்கொண்டார்.

மகள் அதில் குடியேறவில்லை. காத்திருந்த மாதங்களில் வேறு தெருவில் வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விட்டாள். மாடி அறையில் இப்போது பல் அச்சுகள் காய்கின்றன. நல்ல வெளிச்சம், வேலைக்கு வசதி என்கிறார் பல்செட் அக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் பேரப் பிள்ளைகள் வந்து போகிறார்கள். உறுப்பினரைப் பற்றிக் கேட்டால் அவர் பேச்சை மாற்றிவிடுவாராம்.

அவள் வழக்கிலிருந்து விலகிய மாதமே பதவியையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

8

இங்கேயும் முடிக்க முடியவில்லை. ஒருவர் மிச்சம் இருக்கிறார்.

ரத்து உத்தரவு வந்த பிறகு ஒரு நாள் அவள் அந்தத் தெருவுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான். தபால்காரர் கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். அவள் தயாராக வைத்திருந்த வாக்கியத்தைத் தொடங்கினாள். "ஐயா, என்னால உங்களுக்கு—"

"ஒண்ணு கேக்கணும்" என்றார் அவர். "கிணறு இல்லேன்னு சொன்னீங்களே. அத வரையறப்ப இங்க வந்து பாத்தீங்களா?"

"இல்ல. ஆபீஸ்ல உக்காந்துதான்—"

"அதுக்கு முன்னாடி?"

"வந்ததில்ல."

"அப்ப இல்லேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முப்பத்து மூன்று வருஷ வேலையில் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. பொய் சொன்னது அவளுக்குத் தெரியும். ஆனால் பொய் சொன்ன இடத்தில் என்ன இருந்தது என்று அவள் ஒருநாளும் வந்து பார்க்கவில்லை.

"எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க" என்றார் தபால்காரர். "தெருவுல 'கிணத்துத் தாத்தா'ங்கறாங்க. சில நாள் காலையில எழுந்தா எனக்கே சந்தேகமா இருக்கு, எங்கம்மா இறைச்சது வேற எங்கயோவோன்னு. இப்ப ரோடும் இல்ல, கேஸும் இல்ல. இதால எனக்கு ஒரு லாபமும் கிடையாது. என் வார்த்தை ஒண்ணுதான் மிச்சம். நாளைக்கு ஆள் வர்றாங்க. தோண்டப்போறேன். நீங்க வரணும்."

போனாள். நாத்தனாரும் கூட வந்தாள். சிமெண்டை உடைத்து ஓரமாக அடுக்கியிருந்தார்கள். ஒரு ஆள் குழிக்குள், ஒரு ஆள் மேலே. பல்செட் அக்கா மாடி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் ஒரு மெழுகு ஈறுடன், பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா வந்தது. நான்கடியில் ஓட்டுத் துண்டுகள். ஐந்தடியில் மண்ணின் நிறம் மாறியது. தபால்காரர் நாற்காலியில் உட்காரவில்லை. தொட்டிச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கிணறு இருந்தால் அவள் அன்று சொன்ன பொய் மெய்யாகும். மேடையில் ஒப்புக்கொண்ட உண்மை தப்பாகும். பதவி போனது வீண், அந்தப் பெண்ணின் பதினான்கு மாதமும் வீண். இல்லாவிட்டால் ஒரு கிழவரின் அம்மா காலை ஊன்றி நிற்க இடமில்லாமல் போவாள். அவள் இதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தண்ணீர் வர வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள்.

"அம்மா, யாராவது இப்படி வாங்களேன்" என்று குழிக்குள்ளிருந்து குரல் வருகிறது.

கடப்பாரை எதன் மேலோ இடிக்கிறது. செங்கல்லாக இருக்கலாம், பாறையாகவும் இருக்கலாம். கிளார்க்குக்கு இதற்கு மேல் தெரியாது. எனக்குத் தெரியும் என்று சொல்லி ஒரு வட்டம் போட்டுவிடலாம். ஏழு என்று எழுதி நடுவில் குறுக்குக் கோடும் இழுத்துவிடலாம். நேரில் போய்ப் பார்க்காத இடத்தில் கிணறு வரைவதில்லை என்று இந்தக் கதை முடிகிற நேரத்தில்தான் எனக்கு ஒரு பிடிவாதம் வந்திருக்கிறது.

தபால்காரருக்குக் கால் வரவில்லை. அவளுக்குத் தைரியம் வரவில்லை. மேலே நின்றவர்களில் நீங்கள்தான் விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். பார்த்துவிட்டு, அவர்கள் இருவரில் யாரிடம் முதலில் சொல்வதென்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.